ஆறாம் நம்பர் தட்டு

முதியோர் இல்லத்தின் சமையற்கட்டுக்குத் தட்டுகள் இரண்டு விதமாகத் திரும்பி வரும். காலியாக வருவது ஒன்று, காலியாக வராதது ஒன்று. காலியாக வராத தட்டைச் சமையலம்மா அப்படியே தொட்டியில் கவிழ்க்க மாட்டாள். யார் தட்டு, எதை ஒதுக்கியிருக்கிறார்கள், எத்தனை வாய் உள்ளே போயிருக்கும் என்று ஒரு நோட்டம் விட்டுவிட்டுத்தான் கழுவப் போடுவாள். பதினாலு வருடப் பழக்கம். முப்பத்துநாலு பேருக்குச் சமைக்கிறவளைத் தேடி வந்து "சாப்பாடு பிரமாதம்" என்று யாரும் சொல்வதில்லை. தட்டு சொன்னால்தான் உண்டு.

பன்னிரண்டு நாளாக ஆறாம் நம்பர் தட்டு போன மாதிரியே திரும்பி வந்துகொண்டிருந்தது. ஆறாம் நம்பர் கட்டிலில் இருப்பவர் வேறு யாரோ இல்லை, அவளுடைய சொந்த மாமனார். முப்பத்துமூன்று பேர் வாங்கிச் சாப்பிடுகிற சோற்றை வீட்டு மனிதர் மட்டும் தொட மாட்டேன் என்கிறார். சமையலம்மாவுக்கு அதை வெளியே சொல்லவும் முடியவில்லை, மெல்லவும் முடியவில்லை.

மாமனார் டெய்லர். நாற்பது வருடம் ஒரே கடை, ஒரே மிஷின். ஏழு மாதத்துக்கு முன்னால் பக்கவாதம் வந்து வலது கையும் வலது காலும் போயின. பேச்சும் போனது. விரல் விட்டு எண்ணக்கூடிய அளவுக்குச் சொற்கள்தான் மிச்சம். வீடு மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. மகன் ரொட்டிக் கம்பெனி வேன் ஓட்டுகிறான், விடிவதற்குள் கிளம்பிவிடுவான். சமையலம்மா ஐந்து மணிக்கு இறங்கிவிடுவாள். அதற்குப் பிறகு அவரைப் புரட்டிப்போட ஆள் கிடையாது. வேலை செய்கிறவர்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு இல்லத்தில் இடம் தருவார்கள் என்பதால் இங்கே கொண்டுவந்து சேர்த்தார்கள். "என் கண்ணு முன்னாலதானே இருக்கப் போறாரு, என் கைச்சாப்பாடுதானே சாப்பிடப் போறாரு" என்று அன்றைக்கு அவள்தான் புருஷனைத் தேற்றினாள்.

ஆறு மாதம் அப்படித்தான் நடந்தது. சோறு, பருப்பு, குழைய வேகவைத்த காய், அவித்த முட்டை, ஞாயிற்றுக்கிழமை கோழிச் சூப். வைத்ததைச் சாப்பிடுவார். திடீரென்று ஒருநாள் காலையில் முதல் வாய் உள்ளே போனதும் முகத்தைச் சுளித்தார். இடது கைவிரலால் உதட்டைத் தட்டினார். "இது என்னுது இல்ல" என்றார்.

அந்த வாசகம் குடும்பத்துக்குப் பழக்கமானது. கடையில் யாராவது வேறு இடத்தில் தைத்த சட்டையைக் கொண்டுவந்து, "நீங்க தச்சதுதான், ஒரே மாசத்துல பிரிஞ்சு போச்சு" என்று சாதித்தால், மாமனார் தையலைப் புரட்டிப் பார்ப்பார். "இது என்னுது இல்ல" என்பார். அவ்வளவுதான், அப்பீலே கிடையாது. சட்டையை மடித்து நீட்டிவிட்டு அடுத்த துணியை எடுத்துக்கொள்வார். வேலை முடிந்தால் நூலைப் பல்லால்தான் கடிப்பார். கத்தரிக்கோல் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தாலும் பல்தான். சொந்தப் பல் போய்ப் பல்செட் கட்டிய பிறகும் அதே கதை. கடித்துக் கடித்துச் செட்டின் முன்பல்லிலேயே சின்னதாக ஒரு பள்ளம் விழுந்துவிட்டது. "காசு குடுத்துக் கட்டினதையாவது விட்டு வைங்களேன்" என்று மாமியார் உயிரோடு இருந்தவரை தலையில் அடித்துக்கொள்வாள்.

இது என்னுது இல்லை என்றால் எது? முதலில் தட்டு மாறிவிட்டது என்று நினைத்தார்கள். சர்க்கரைக்காரர்களுக்கு மஞ்சள் தட்டு, மசித்துச் சாப்பிடுகிறவர்களுக்கு நீலத்தட்டு, மற்றவர்களுக்கு வெள்ளை. வெள்ளைத்தட்டுதான் இருந்தது. வீட்டிலிருந்து அவருடைய பழைய தட்டையே கொண்டுவந்தாள். "இது என்னுது இல்ல." தம்ளரைக் கொண்டுவந்தாள். ஸ்பூனை மாற்றினாள். நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பிப் போட்டாள். ஒருநாள் மாமியார் வைக்கிற மாதிரியே பருப்பில் பூண்டைச் சுட்டு நசுக்கிப் போட்டு எடுத்துக்கொண்டு போனாள். வாசனைக்கு அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார், வாயைத் திறந்தார், ஒரு வாய் வாங்கினார். வாங்கியதை வெளியே துப்பிவிட்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணில் தண்ணீர் நின்றது.

"மாமா, எதுன்னு சொன்னாத்தானே எனக்குத் தெரியும்?"

"இது," என்றார் உதட்டைத் தட்டி. "என்னுது இல்ல."

இல்லத்தில் சாப்பாட்டு நோட்டு என்று ஒன்று உண்டு. காலை, மதியம், இரவு என்று ஒவ்வொருவருக்கும் மூன்று கட்டம். 'மு' என்றால் முழுதும், 'பா' என்றால் பாதி, 'ம' என்றால் மறுத்தார். ஆறாம் நம்பர் வரிசையில் வரிசையாக ம, ம, ம. திங்கள்கிழமை வருகிற டாக்டர் நோட்டைப் பார்த்தார், எடை போடச் சொன்னார், நாக்கை நீட்டச் சொன்னார், தண்ணீர் கொடுத்து விழுங்கச் சொன்னார்.

"தொண்டையில ஒண்ணும் கோளாறு இல்லம்மா. மனசுதான். ஒரு வாரத்துல மூணு கிலோ எறங்கியிருக்கு. அடுத்த திங்கக்கிழமை வரைக்கும் பாப்போம். இல்லன்னா மூக்கு வழியா டியூப் போட்டுடலாம்."

டியூப் போட்டவர்கள் மேல்மாடிக்குப் போய்விடுவார்கள். மேல்மாடிக்குச் சமையற்கட்டிலிருந்து எதுவும் போகாது. டின்னில் வருகிற மாவைக் கரைத்து நர்ஸே ஊற்றிவிடுவாள். இந்தப் பதினாலு வருடத்தில் மேலே போன தட்டு எதுவும் கீழே திரும்பி வந்ததில்லை. சமையலம்மா அந்த வாரம் முழுவதும் உலை வைக்கும்போதெல்லாம் அதையே நினைத்துக்கொண்டிருந்தாள்.

சனிக்கிழமை மதியம் நாத்தனார் பஸ் பிடித்து வந்துவிட்டாள். அண்ணனைவிட இரண்டு வயது இளையவள், வாய் மட்டும் அவனுக்கும் சேர்த்து. அப்பாவுக்குத் தானே ஊட்டிப் பார்த்தாள், கெஞ்சிப் பார்த்தாள், அதட்டிப் பார்த்தாள். தட்டு அப்படியே இருந்தது. மற்றவர்கள் எழுந்து போன சாப்பாட்டுக் கூடத்தில் அவளும், அண்ணன் வேன்காரனும், சமையலம்மாவும் உட்கார்ந்தார்கள்.

"அண்ணி, நான் ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்கக் கூடாது."

"சொல்லும்மா. இனிமே கோவிச்சுக்க என்ன இருக்கு."

"அப்பா உங்க சாப்பாட்டைக் குத்தம் சொல்லல. நீங்கதான் தட்டு, தம்ளர், ஸ்பூன்னு அலையிறீங்க. அவரு சொல்றது உங்களுக்குப் புரியலையா, இல்ல புரியாத மாதிரி இருக்கீங்களா? இந்த எடம் என்னுது இல்லங்கிறாரு. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்கன்றாரு."

வேன்காரன் தரையையே பார்த்துக்கொண்டிருந்தான். "கூட்டிட்டுப் போயி? மூணு மாடி. நான் தூக்கிட்டு ஏறவா?"

"ஏறு. உன்னைத் தோள்ல தூக்கி வெச்சுக்கிட்டுப் பொருட்காட்சி பூரா சுத்தலையா அவரு?"

"அப்ப எனக்கு அஞ்சு வயசுடி."

"இவரும் இப்ப நாப்பத்தாறு கிலோதான். அதுவும் எறங்கிக்கிட்டே இருக்கு. இன்னும் ரெண்டு வாரம் போனா ஒத்தக் கையில தூக்கிடலாம் நீ." சொல்லிவிட்டு அவளே அழுதுவிட்டாள். முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "எனக்கு மட்டும் ஆசையா இப்படிப் பேச? என் மாமியாரு ஒரு பக்கம் படுக்கையில கெடக்கறாங்க. அப்பாவை நான் கூட்டிட்டுப் போறேன்னு சொல்ல எனக்கு வக்கில்ல. அந்த எரிச்சல்லதான் உங்ககிட்ட பாயறேன்."

"அழாத," என்றான் அண்ணன். "நாளைக்கு ஒரு நாள் இருக்கு. பாப்போம்."

"என்னத்தப் பாப்போம்? பன்னெண்டு நாளா இதத்தானே பாத்துக்கிட்டு இருக்கீங்க?"

அன்று சாயங்காலம் வீட்டு மாடிப்படி ஏறும்போது வேன்காரன் இரண்டாவது திருப்பத்தில் நின்றுவிட்டான். கம்பியைப் பிடித்துக்கொண்டு கீழேயும் மேலேயும் பார்த்தான்.

"இந்த எடத்துல ஒரு நாற்காலி போட்டா, எறக்கி வெச்சு மூச்சு வாங்கிட்டு ஏறலாம்," என்றான்.

"டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போற ஒவ்வொரு தடவையுமா?"

நாத்தனார் முன்னால் ஏறிப் போய்க்கொண்டிருந்தாள். சமையலம்மா குரலைத் தாழ்த்திக் கேட்டாள்: "உங்க தங்கச்சி சொன்னது நெசமா இருக்குமோ?"

"இருக்கும்," என்றான்.

இல்லை என்று சொல்லியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும். அவனும் இத்தனை நாளாக அதையேதான் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறான் என்று அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணி. டீ கெட்டிலையும் பன் கூடையையும் கூடத்து வாசலில் வைப்பதோடு சமையலம்மாவின் வேலை முடிந்துவிடும், உள்ளே கொண்டுபோய்க் கொடுப்பது இரவு ட்யூட்டி அக்காவின் பொறுப்பு. அன்றைக்கு அக்கா இரண்டாம் நம்பருக்குத் துணி மாற்றிக்கொண்டிருந்தாள். "நீயே ஒரு சுத்து குடுத்துடேன்" என்றாள்.

மாமனார் விழித்துத்தான் இருந்தார். பல்செட் இல்லாத வாய் உள்வாங்கியிருந்தது. தம்ளரை நீட்டியதும் இடது கையால் வாங்கிக்கொண்டார். அவள் பழக்கதோஷத்தில் ஒரு பன்னையும் நீட்டினாள். அவர் அதை டீயில் முக்கி, ஊறவிட்டு, வாயில் போட்டுச் சப்பிச் சப்பி விழுங்கினார். மறுபடி முக்கினார். ஒரு பன் முழுவதும் போயிற்று. கூடையைப் பார்த்தார். அவள் இன்னொன்றைக் கொடுத்தாள். அதுவும் போயிற்று.

சமையலம்மா கெட்டிலைக் கீழே வைத்தாள். "அக்கா! இங்க வாங்களேன். மாமா பன் சாப்பிடறாரு!"

"தெனமும்தான் சாப்பிடறாரு," என்றாள் அக்கா, திரும்பிக்கூடப் பார்க்காமல். "ரெண்டு. சில நாள் மூணு."

"அதை நோட்டுல எழுத வேணாமா?"

"டீயை எங்க எழுதறது? நோட்டுல டீக்குக் கட்டமே கெடையாதே."

சமையலம்மா சமையற்கட்டுக்கு ஓடினாள். உருளைக்கிழங்கை வேகவைத்து, வெண்ணெய் விட்டு மசித்து, முட்டையைக் குழைவாகக் கிளறி, ஏழரை மணிக்குத் தட்டோடு வந்து நின்றாள். அதே ஆள், அதே கட்டில், அதே கை. மாமனார் ஒரு வாய் வாங்கினார், முகம் சுளித்தார், துப்பினார், உதட்டைத் தட்டினார்.

"இது என்னுது இல்ல."

அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஆனால் அழுதுகொண்டு நிற்கிற ஜாதி இல்லை அவள். தட்டை மடியில் வைத்துக்கொண்டு யோசித்தாள். குழம்பு கெட்டுப்போனால் என்ன செய்வாள்? கடைசியாக எப்போது ருசி சரியாக இருந்தது, அதற்குப் பிறகு சட்டிக்குள் என்ன விழுந்தது என்று பார்ப்பாள். ஆறு மணிக்கு இந்த மனிதர் சரியாக இருந்தார். இந்த இடம் என்னுது இல்லை என்று சொல்கிறவர் ஆறு மணிக்கும் இதே இடத்தில்தான் இருந்தார். ஆறுக்கும் ஏழரைக்கும் நடுவில் என்ன நடந்தது? முகம் துடைத்தார்கள். சட்டை மாற்றினார்கள். பல்செட் மாட்டினார்கள்.

"மாமா, ஆ காட்டுங்க."

செட்டைக் கழற்றி உள்ளங்கையில் வைத்தாள். மேல் ஈறில் சிவப்பாக ஒரு கோடு, நடுவில் புண் வைத்து வெளுத்திருந்தது. செட்டை வெளிச்சத்தில் பிடித்தாள். முன்பற்கள் வழுவழுவென்று வரிசையாக இருந்தன. நூல் கடித்த பள்ளம் இல்லை.

மாமனார் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாக, குழந்தைக்குப் பாடம் சொல்கிற பொறுமையோடு, அவள் உள்ளங்கையைச் சுட்டிக்காட்டினார்.

"இது... என்னுது... இல்ல."

பல்செட் கழுவுவதும் மாட்டுவதும் புதுசின் பொறுப்பு. புதுசு என்பது நாற்பத்தைந்து வயதுப் பெண்மணி, கல்லூரியில் படிக்கிற மகள் இருக்கிறாள், வேலைக்குச் சேர்ந்து இரண்டு வாரம். இந்த இல்லத்தில் ஒருவரைப் புதுசு என்று கூப்பிட ஆரம்பித்தால் லேசில் விடமாட்டார்கள். இவளுக்கு முன்னால் இருந்த புதுசு பதினோரு வருடம் புதுசாகவே இருந்து ரிட்டையர் ஆனாள்.

"நான் மாத்தலீங்க! நம்பர் பாத்துத்தான் போடறேன்," என்றாள் புதுசு. மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பாக்கள் அலமாரியில் வரிசையாக இருந்தன. மூடியின் மேல் மார்க்கரில் நம்பர். "இதோ பாருங்க, ஆறு."

சமையலம்மா அந்த மூடியை அரைவட்டம் திருப்பினாள். ஆறு ஒன்பது ஆயிற்று.

பழைய புதுசு ஒன்பதின் கீழே ஒரு கோடு போட்டு வைத்திருந்தாள். கழுவிக் கழுவி அந்தக் கோடு அழிந்திருக்கிறது. அவளுக்குப் பதினோரு வருடத்தில் மனப்பாடம், கோடு தேவைப்படவில்லை. இவள் வந்த முதல் நாளே டப்பாக்களைப் பளிச்சென்று தேய்த்துக் கவிழ்த்து, மூடியை எந்தப் பக்கம் படித்தாளோ அந்தப் பக்கமே வைத்துக்கொண்டு பன்னிரண்டு நாளாக ஒழுங்காக வேலை செய்திருக்கிறாள்.

ஒன்பதாம் நம்பர் கண்டக்டர். முப்பது வருடம் பஸ்ஸில் டிக்கெட் கிழித்தவர். தட்டு காலியானால் "ரைட்!" என்று குரல் கொடுப்பார். அவர் முன்னால் போய் நின்றாள் சமையலம்மா.

"ஐயா, உங்க பல்செட்டைக் கொஞ்சம் காட்டுங்க."

"என்னம்மா, செக்கிங்கா?" கண்டக்டர் சட்டைப் பையிலிருந்து ஒரு கைக்குட்டையை எடுத்துப் பிரித்தார். உள்ளே பல்செட் இருந்தது. "நான் இதை எங்க மாட்டறேன். அந்தம்மா நிக்கற வரைக்கும் வாயில வெச்சுக்கிட்டு, அந்தாண்ட போனதும் பையில போட்டுடுவேன். ஈறாலயே தேங்காயை உடைப்பேன் நான். போன வாரம் பேத்தி போட்டோ எடுக்க வந்தா, அன்னிக்குத்தான் முழுசா மாட்டினேன். வாயே மூட மாட்டேன்னுடுச்சு. போட்டோவுல பாத்தா சிரிக்கிறேனா கடிக்க வர்றேனான்னு எனக்கே தெரியல."

"அளவு சரியில்லன்னு யார்கிட்டயாவது சொல்லக் கூடாதாய்யா?"

"இந்த வயசுல எனக்கு எதும்மா அளவா இருக்கு? சட்டை தொளதொளங்குது, செருப்பு புடிக்குது. பல்லு மட்டும் தனியா சொல்லணுமா?"

முன்பல்லில் பள்ளம் இருந்தது. சமையலம்மா கட்டைவிரலால் அதைத் தடவிப் பார்த்தாள்.

புதுசு சுவரோரமாக நின்று அழுதாள். "மேட்ரன்கிட்ட சொன்னா என் வேலை போயிடுங்க."

"சொல்லித்தான் ஆகணும். கூடவே நானும் வர்றேன்," என்றாள் சமையலம்மா. "பதினாலு வருஷமா தட்டைப் பாத்தே எல்லாம் கண்டுபிடிச்சுடுவேன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன் நான். அவரு தெனமும் மூணு வேளை என் மூஞ்சியப் பாத்துச் சொன்னாரு. வாயைத் தொறந்து பாக்கணும்னு எனக்குத் தோணல. உன்னை மட்டும் என்னன்னு சொல்றது? மார்க்கர் எங்க? எடு. 'ஆறு'ன்னு எழுத்துல எழுது."

செட்டை வெந்நீரில் கழுவி, ஆறவைத்து, புண்ணுக்கு நர்ஸ் கொடுத்த மருந்தைத் தடவி மாட்டினாள். மாமனார் வாயை மூடினார். நாக்கு முன்பல்லுக்குப் போய் அந்தப் பள்ளத்தில் நிற்பது உதட்டுக்கு வெளியிலிருந்தே தெரிந்தது. பிறகு அவர் தட்டைப் பார்த்தார். ஆறிப்போன உருளைக்கிழங்கைத்தான் கொடுத்தாள், சூடாக வேறு செய்து வரப் பொறுமை இல்லை. வலிக்கிற பக்கத்தை விட்டு இன்னொரு பக்கமாக மென்று, பாதித் தட்டு சாப்பிட்டார். நோட்டில் 'பா' என்று எழுதும்போது அவள் கண்ணைக் கண்ணீர் மறைத்தது.

பத்து மணிக்கு வேன்காரனும் நாத்தனாரும் வந்தார்கள். விஷயத்தைக் கேட்டதும் வேன்காரன் முதலில் புரியாமல் விழித்தான். பிறகு சிரித்தான். அப்படி அவன் சிரித்து ஏழு மாதம் ஆயிற்று. கூடத்தில் இருந்தவர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

"பல்லா! பல்லுதானா!"

"நான் வேற என்னென்னமோ பேசித் தொலச்சேனே அண்ணி," என்று நாத்தனார் சமையலம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "எடம் என்னுது இல்லங்கிறாரு, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்கன்றாருன்னு. ராத்திரி பூரா தூக்கம் இல்ல எனக்கு. பல்லு! அட கடவுளே."

"எடத்தைப் பத்தி அவருக்கு ஒண்ணும் இல்ல," என்றான் வேன்காரன். "நாமதான் மனசைப் போட்டுக் கொழப்பிக்கிட்டோம்."

அன்று மதியம் கோழிச் சூப்பில் சோற்றைக் குழைத்துக் கொடுத்தார்கள். 'மு'. கண்டக்டர் அந்தப் பக்கத்திலிருந்து ஆறாம் நம்பர் தட்டுக்கும் சேர்த்து "ரைட்!" சொன்னார். நாத்தனார் சாயங்கால பஸ்ஸுக்குப் போகும்போது அப்பாவுக்கு முத்தம் கொடுத்துவிட்டு, லேசான மனசோடு போனாள். திங்கள்கிழமை டாக்டர் வந்து நோட்டைப் பார்த்தார், புண்ணைப் பார்த்தார், டியூப் வேண்டாம் என்று எழுதினார். மேட்ரன் எல்லாருடைய டப்பாவிலும் எழுத்தில் எழுதச் சொன்னாள். புதுசின் வேலை போகவில்லை.

அன்று ட்யூட்டி முடிந்து, கைப்பையை எடுத்துக்கொண்டு, சமையலம்மா ஆறாம் நம்பருக்குச் சொல்லிவிட்டுப் போக வந்தாள். இரவுச் சாப்பாட்டுத் தட்டு காலியாக ஸ்டூல் மேல் இருந்தது. போர்வையை இழுத்துவிட்டாள்.

"வரட்டுமா மாமா?"

மாமனார் அவளைப் பார்த்தார். இடது கையைத் தூக்கினார்.

"இது என்னுது இல்ல," என்றார்.

"மறுபடியுமா?" குனிந்து, கன்னத்தைப் பிடித்து வாயைத் திறக்கவைத்துப் பார்த்தாள். முன்பல்லில் பள்ளம் இருந்தது. "உங்களுதுதான் மாமா. நானே பாத்து மாட்டினேன்."

அவர் தலையை ஆட்டினார். அது இல்லை என்று ஆட்டினார். கையைக் கட்டில் மேல் வைத்து மெத்தையை இரண்டு முறை தட்டினார். கோபம் இல்லை, குற்றம் சொல்கிற தொனியும் இல்லை. தையலைப் புரட்டிப் பார்த்துவிட்டு உள்ளதைச் சொல்கிற அதே குரல்தான்.

"இது," என்றார். "என்னுது இல்ல."

வேன் கம்பெனிக்குத் திரும்பியிருக்கும். வேன்காரன் படியேறிக்கொண்டிருப்பான், இரண்டாவது திருப்பத்தில் இன்றைக்கு நிற்காமலே ஏறுவான். அவனிடம் இதைச் சொல்ல வேண்டும் என்று நினைத்தாள். சொல்லத்தான் வேண்டுமா என்றும் நினைத்தாள். நாளைக்கு முட்டை கிளறித் தரட்டுமா என்று கேட்டுப் பேச்சை மாற்ற வாய் வரைக்கும் வந்தது. கேட்கவில்லை.

"தெரியும் மாமா," என்றாள்.

அவர் இடது கையால் தன் வலது காலைப் பிடித்து இழுத்துச் சுவரோரமாக நகர்த்தி, கட்டிலின் ஓரத்தில் இடம் விட்டார். அவள் கைப்பையைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தாள்.